மஞ்சள் தொண்டைப் பல்லியும் என் நாத்தனாரும்

என் நாத்தனார் பல்லிகளை ஆராய்கிறவள். வீட்டுச் சுவரில் ஓடும் பல்லிகளை அல்ல. மலைப்பாறை இடுக்குகளில் வாழ்ந்து, பகலில் நடமாடும் சின்னப் பல்லிகளை. ஆரணியில் பட்டு வியாபாரம் செய்யும் இந்தக் குடும்பத்துக்கு நான் மருமகளாக வந்தபோது, அவள் ஆராய்ச்சிப் படிப்பில் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பெண்ணைத் தனியாக மலைக்கு அனுப்ப மாட்டேன் என்று அத்தை சொல்லிவிட்டார். என் கணவரால் கடையை விட்டு நகர முடியாது. வெளியூர் வாடிக்கையாளர்களுக்குப் புடவைப் படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பேசுவதுதான் என் வேலை. அதைப் பாறைமேல் உட்கார்ந்தும் செய்யலாம். அதனால் துணைக்கு நான் போனேன்.

முதலில் போனது, ஆரணிப் பக்கத்தில் சமணக் கோயில் உள்ள திருமலையைத் தாண்டி இருக்கும் ஒரு சின்னக் குன்றுக்கு. மரம் அதிகமில்லை, உருண்டை உருண்டையாகப் பாறைகள், அவற்றுக்கு அடியில் குளிர்ந்த நிழல். அவள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நல்ல வெயில் நேரத்தில், குப்புறப் படுத்து ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தாள். சுடிதாரெல்லாம் மண். முழங்கை சிராய்த்து ரத்தம் வந்ததைக்கூட நான் சொன்ன பிறகுதான் கவனித்தாள். மதியத்துக்கு மேல் ஒன்று அகப்பட்டது. என் சுண்டுவிரல் நீளம் இருக்கும். பாறையின் நிறமே அதற்கும். நம் வீட்டுப் பல்லிக்குக் கண்மணி கீற்றுப்போல இருக்கும். இதற்கு வட்டமாக இருந்தது. விரல்களில் ஒட்டிக்கொள்ளும் தகடும் இல்லை, நகங்களால் பற்றித்தான் பாறையில் ஏறுமாம். வனத்துறை அனுமதியோடு வாலின் நுனியில் கடுகளவு வெட்டிச் சின்னக் குப்பியில் போட்டுக்கொண்டு, பிடித்த இடத்திலேயே அதை விட்டாள். விட்ட பிறகும் அது போன இடுக்கையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உச்சியில் நின்றால் களம்பூர்ப் பக்கத்து அரிசி ஆலைகளின் புகைபோக்கிகளும், அவற்றைச் சுற்றி வயல்களும், மேற்கே நீலமாக ஜவ்வாது மலையும் தெரியும். ஒரு காலத்தில் இந்தச் சமவெளியெல்லாம் குளிர்ச்சியான காடாக இருந்தபோது இந்தப் பல்லிகளின் முன்னோர் எங்கும் பரவி இருந்திருக்கலாம் என்றாள். பிறகு மழை குறைந்து நிலம் காய்ந்தபோது நிழலுள்ள பாறைகளில் ஒதுங்கியவை மட்டும் பிழைத்தன. ஒரு குன்றில் இருப்பது அடுத்த குன்றுக்குப் போக முடியாது.

"நமக்கு இது பஸ்ல அரை மணி நேரம் அண்ணி. அதுக்கு இது கடல் மாதிரி," என்றாள்.

அப்படி லட்சக்கணக்கான ஆண்டுகள் தனித்தனியாக இருந்தால், ஒவ்வொரு கூட்டத்திலும் சிறுசிறு மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். பிறகு எப்போதாவது இரண்டையும் ஒரே பாறையில் விட்டாலும் அவை ஒன்றையொன்று இணையாக ஏற்காது. அப்போது அவை இரண்டு இனங்கள். அவள் சொன்னதில் எனக்கு முதலில் புரிந்தது இவ்வளவுதான்.

அன்று திரும்பும் வழியில் பஸ்ஸில் ஒரு அம்மா எங்களைப் பார்த்து, அக்கா தங்கச்சியா என்று கேட்டார். எங்களுக்கு முகம் அப்படித்தான். கல்யாணத்திலும் பலர் கேட்டார்கள். என் கூடப்பிறந்த அண்ணனையும் என்னையும் பார்த்தால் யாரும் உறவு என்றே சொல்ல மாட்டார்கள். அவள் இதைப் பிடித்துக்கொண்டாள். முக ஜாடையை வைத்து வம்சாவளி எழுதினால் நீங்கள் என் அக்கா ஆகிவிடுவீர்கள், பல்லிகளையும் வெகுகாலம் ஜாடை பார்த்தே உறவு சொன்னார்கள், இப்போது மரபணுவைப் படிக்கிறோம் என்றாள். இரண்டு பல்லிகளின் மரபணுவில் வேறுபாடு குறைவாக இருந்தால் அவை சமீபத்தில் பிரிந்தவை. அதிகமாக இருந்தால் எப்போதோ பிரிந்தவை. அந்தக் கணக்கை வைத்துக் கிளை கிளையாக ஒரு மரம் வரைவார்கள்.

ஜவ்வாது மலைக்குப் பலமுறை போனோம். அங்கே ஒரு ஓடைப் பக்கத்தில் அவள் மஞ்சள் தொண்டைப் பல்லியைக் கண்டாள். ஆண் பல்லிகளுக்குத் தொண்டை முழுவதும் மஞ்சள் பூசியதுபோல அத்தனை அழகு. மலையின் வேறு பக்கத்தில் இருந்தவற்றுக்கு அந்த மஞ்சள் இல்லை. இது நிச்சயம் புது இனம் என்று அவள் நம்பினாள். ஆண்டுக்கணக்கில் அதன் பின்னாலேயே அலைந்தாள். கட்டுரையும் பாதிக்குமேல் எழுதிவிட்டாள். அத்தையோ உறவுக்காரர்கள் எல்லோரிடமும் தன் மகள் புதுப் பல்லி கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லியிருந்தார்.

மரபணு ஆய்வின் முடிவு வந்த அன்று மத்தியானம் அவள் கடையில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். போனில் வந்த கிளை மரப் படத்தைத் திறந்து விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள் தொண்டைக்காரர்களும் மற்ற ஜவ்வாதுக்காரர்களும் ஒரே கொத்துக்குள் கலந்து கிடந்தார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. கண்ணுக்கு இவ்வளவு வித்தியாசமாக இருக்கிறதே, அதையே வைத்து எழுதக் கூடாதா என்று கேட்டேன்.

"அதுங்க இன்னும் ஒண்ணோட ஒண்ணு கலந்துகினுதான் இருக்குதுங்க அண்ணி. கலர் மட்டும்தான் வேற. பிரியாததைப் பிரிஞ்சிடுச்சின்னு நான் எப்படி எழுதறது?"

சொல்லிவிட்டு அங்கேயே தன் பேராசிரியருக்கு எழுதினாள்: என் கணிப்பு தவறு, கட்டுரையை நிறுத்திக்கொள்கிறேன் என்று. கண் கலங்கியிருந்தது. அத்தனை ஆண்டு உழைப்பை அப்படி ஒரு நொடியில் கீழே வைக்க என்னால் முடிந்திருக்காது.

அப்புறம்தான் படத்தின் ஓரத்தில் நீளமாக, தனியாகப் போன ஒரு கிளையைப் பார்த்தேன். இது யாரு தனியா என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் பாத்துகினு இருக்கேன்," என்றாள். "திருமலைக்கு அந்தாண்ட, அந்தச் சின்னக் குன்னு."

பாறை நிறத்தில் இருந்த, யாரும் திரும்பிப் பார்க்காத அந்தப் பல்லி. ஒப்பிடுவதற்கு மட்டும் என்று எடுத்துவைத்தது. பார்வைக்கு ஜவ்வாதுப் பல்லி போலவே இருந்தது, ஆனால் எப்போதோ பிரிந்து தனிவழி போயிருந்தது.

அவள் அப்போதும் குதிக்கவில்லை. குப்பி மாறியிருக்கலாம், ஆய்வகத்தில் கலப்படம் ஆகியிருக்கலாம் என்று தன்னையே சந்தேகப்பட்டாள். மறுபடி குன்றேறிப் புதிதாக மாதிரிகள் எடுத்தோம். வேறு மரபணுக்களையும் படித்தாள். இந்த முறை அனுமதியோடு ஆய்வகத்துக்கே கொண்டுபோன சில பல்லிகளின் செதில்களை லென்ஸில் ஒவ்வொன்றாக எண்ணினாள். வேண்டுமென்றே தன் முடிவைக் கவிழ்க்கப் பார்க்கிறாளோ என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் அந்தக் கிளை தனியாகவேதான் நின்றது. செதில் அமைப்பிலும், தொடைக்கு அடியில் வரிசையாக இருக்கும் சிறு துளைகளிலும் மாறாத வேறுபாடு இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் இல்லை, நாங்கள்தான் மஞ்சளைப் பார்த்துக்கொண்டு அதைப் பார்க்கவில்லை.

கட்டுரை வெளிவர மேலும் ஓராண்டுக்கு மேல் ஆனது. புது இனம் என்று ஏற்றார்கள். அந்த மரத்தைப் பெரிய தாளில் அச்சடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்துத் தரையில் விரித்தாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து, தன் மகளின் பல்லி எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு, "இதுல நாம எங்கம்மா இருக்கோம்?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. நல்ல கேள்விம்மா என்று எழுந்துபோய்க் கோலம் போடும் சுண்ணாம்புக்கட்டியை எடுத்துவந்தாள். மரத்தின் அடியிலிருந்து தரையில் கோடு இழுக்கத் தொடங்கினாள். மற்ற பல்லிகளும் ஓணான்களும் பாம்புகளும் எங்கெங்கே வந்து சேரும் என்று சொல்லிக்கொண்டே பின்னால் நகர்ந்தாள். கோடு சோபாவைத் தாண்டியது. நமக்கும் பல்லிக்கும் பொதுவான முன்னோர் இருந்த இடம் என்று ஓரிடத்தில் புள்ளி வைத்தாள். முப்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் என்றாள். அங்கிருந்து வேறொரு கோட்டை வாசற்படிவரை இழுத்து, அத்தையைக் கூப்பிட்டு அதன் முனையில் நிற்கவைத்தாள்.

அத்தை வாசலில் நின்று, கூடத்தின் அந்தக் கோடியில் கிடந்த தாளைப் பார்த்தார். என் கணவரும் கடைக்குக் கிளம்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"பூனை எங்க வரும்?" என்று கேட்டார் அத்தை.

அவள் மறுபடி மண்டியிட்டு, அத்தையின் காலடிக்குப் பக்கத்திலேயே ஒரு கிளை வரைந்தாள்.