பூ எடுத்த கை

எங்கள் மகள் ருக்மணியின் வலது கை 1976ஆம் வருடக் கோடையில் ஓய்ந்துபோனது. அடிபடவில்லை. காய்ச்சலும் இல்லை. என் தம்பி சாமிநாதனின் கருமாதி அன்று அவள் இடது கையால் சோறு அள்ளினாள். என் அக்கா அதட்டினாள். ருக்கு இலையை விட்டு எழுந்து போனாள். அதன்பின்தான் பார்த்தோம், வலது கை தோளிலிருந்து வெறுமனே தொங்கியது. அவளுக்குப் பதினோரு வயது.

எல்லையோர ஊரான எருத்தேன்பதியில் எங்களுக்குக் கடலைக்காடும் தென்னந்தோப்பும் உண்டு. கோவைப் பத்திரிகை ஒன்றுக்கு எல்லைப்புறச் செய்திகளும் நான் அனுப்பி வந்தேன். கண்டதை மட்டும் எழுதிப் பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

தம்பி எங்கள் கிணற்றில் இறந்தான். தண்ணீர் வற்றியதால் கிணற்றை ஆழப்படுத்தினோம். வெடி வைத்த பாறை சரிந்து அவன் மேல் விழுந்தது. வேலை தொடங்குமுன் வழக்கப்படி மாரியம்மன் கோயிலில் பூக் கேட்டிருந்தோம். சிவப்பு அரளி ஒன்று, வெள்ளை அரளி ஒன்று. தனித்தனி இலையில் மடித்து அம்மன் முன் வைப்பார்கள். ஒரு குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு. வெள்ளைதான் வந்தது.

பக்கத்து டவுனான சித்தூரில் ஒரு டாக்டர் ருக்குவின் கையை ஊசியால் குத்திப் பார்த்தார். அவள் முகம் சுளிக்கவில்லை. "எலும்பு, நரம்பு எல்லாம் நல்லா இருக்கு. மனசில ஏதோ இருக்கு" என்றார். கோயம்புத்தூரில் குழந்தைகளோடு பேசியே வைத்தியம் செய்யும் ஒரு டாக்டரம்மாவிடம் போகச் சொன்னார்.

அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. மீனாட்சிபுரத்தில் ஒருவர் தோளில் சூடு போட்டுக் கை வரவைப்பதாகக் கேள்விப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைக்கு ஏற்பாடே செய்துவிட்டாள்.

"பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குப் போனாள்னு பேராச்சுன்னா, நாளைக்கு எவன்டா இவளைப் பொண்ணு கேட்டு வருவான்?"

என் மனைவி மயிலாத்தாள் அடுப்பை விட்டு எழுந்து வந்து நாத்தனார் முன் நின்றாள். "தோள்ல சூட்டுத் தழும்போட நின்னா மட்டும் வரிசைல வந்து கேப்பாங்களா நங்கையா? என்ற புள்ளை மேல இரும்பு படாது."

அன்று சாயங்காலம் அம்மன் முன் நின்றேன். கையைக் கொடு என்று கேட்கும் நம்பிக்கைகூட என்னிடம் மிச்சமில்லை. "தாயே, என் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று காட்டு. காட்டினால் செய்ய வேண்டியதை நான் செய்கிறேன்" என்றேன். என் வேண்டுதல் அவ்வளவுதான்.

சூடா, கோயம்புத்தூரா? பூக் கேட்டே முடிவு செய்வதென்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். வெள்ளிக்கிழமை காலையில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். பூசாரி இரண்டு பொட்டலங்களை வைத்துவிட்டு ருக்குவின் பக்கம் திரும்பினார்.

"வா அம்மிணி. உங்க ஊட்டுக்கு எப்பவும் நீதான எடுப்பே. கெணத்துக்கும் நீதான எடுத்தே."

ருக்கு நகரவில்லை. தொங்கிக்கொண்டிருந்த வலது கை மெல்ல அசைந்தது. முதுகுக்குப் பின்னால் போனது. விரல்கள் பாவாடையை இறுகப் பற்றின.

"பாத்தியாடா! இத்தன நாளா நடிச்சிருக்கறா!" என்று அக்கா கத்தினாள்.

"நடிக்கலீங்க. பயப்படறா" என்றாள் மயிலாத்தாள். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், பதினோரு வயதுப் பெண்ணை.

பொட்டலங்களை யாரும் பிரிக்கவில்லை. நான் கேட்டதை அம்மன் காட்டிவிட்டாள்: கைக்கு நோயில்லை, பயம்தான். மறுநாளே வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினோம்.

டாக்டரம்மாவின் அறையில் பாய், களிமண், மரப்பொம்மைகள். ஊசி இல்லை. கோயிலில் கண்டதைச் சொன்னேன். "கை வரும். வீட்டில் யாரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்" என்றார். வாராவாரம் போனோம். ருக்கு இடது கையால் களிமண்ணில் கிணறு செய்தாள், மூடினாள், மறுபடி செய்தாள். அவர் தடுக்கவில்லை. உடன் உட்கார்ந்து, அவள் பேசும்போது மட்டும் பேசினார். ஊரில் சிரித்தார்கள். மண் விளையாடவா கோயம்புத்தூர் வரை போகிறார்கள் என்றார்கள். நாங்கள் நிறுத்தவில்லை.

ஆடியில் ஒருநாள் டாக்டரம்மா எங்களை உள்ளே கூப்பிட்டார். ருக்கு தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நா அந்த இன்னொரு பொட்டணத்தை எடுத்திருந்தா சித்தப்பா இருந்திருப்பாரு."

எங்களுக்கு அந்தப் பூ அம்மனின் வாக்கு. எடுத்தது யார் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. அவளுக்கோ அது தன் கை. எல்லாம் அம்மன் சித்தம் என்று சொல்ல வாயெடுத்தேன். பொறுங்கள் என்று டாக்டரம்மா கண்ணால் தடுத்தார்.

மயிலாத்தாள் மகள் முன் மண்டியிட்டாள். "கெணறு வெட்டோணும்னு முடிவு பண்ணுனது நாங்க சாமி. முடிவு பண்ணிப்போட்டுத்தான் பூவே கேட்டோம்."

ருக்கு அழுதாள். பிறகு கேட்டாள்: "சித்திக்குத் தெரியுமா?"

அவள் பயந்ததெல்லாம் அந்த ஒரு முகத்துக்குத்தான். தம்பி மனைவி கண்ணம்மாள் வருஷம் திரும்பாமல் படி தாண்டக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் போய் விஷயத்தைச் சொன்னேன். "பஸ் எத்தன மணிக்குங்க?" என்று மட்டும் கேட்டாள்.

டாக்டரம்மாவின் அறையில் ருக்கு எல்லாவற்றையும் தானே சொன்னாள். கண்ணம்மாள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அட என்ற கண்ணு, என்னைக் கண்டா ஓடி ஒளிஞ்சது இதுக்குத்தானா? எம்மேல உனக்குக் கோவம்னு நெனச்சு நான் அழுதுட்டிருந்தேன், போ."

கையை நீட்டினாள். ருக்குவின் வலது கை பாயிலிருந்து எழும்பியது. முதலில் சுண்டுவிரல், பிறகு மற்றவை. சித்தியின் விரல்களைப் பிடித்துக்கொண்டன.

முழுப் பலம் வர ஐப்பசி ஆயிற்று. அதுவரை பஸ் ஏறிக்கொண்டுதான் இருந்தோம். இப்போது வலது கையால்தான் எழுதுகிறாள், சாப்பிடுகிறாள்.

குணமாக்கியது அம்மனா, டாக்டரம்மாவா என்று கேட்கிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே கருணைதான். பிள்ளை காரணமில்லாமல் ஓய்ந்து நிற்கும் வீடு உங்களுடையதானால், சூட்டுக்கோலைத் தூர எறியுங்கள். காட்டு தாயே என்று கேளுங்கள். காட்டுவாள். காட்டியபின் எழுந்து நடக்க வேண்டியது நாம்தான்.

எங்கள் வீட்டில் இப்போது பெரியவர்களே பூ எடுக்கிறோம். போன மாதம் பூசாரி பழக்கத்தில் ருக்குவைக் கூப்பிட்டுவிட்டார்.

"அப்பா எடுப்பாருங்க. நா மணி அடிக்கறேன்" என்றாள். அந்தக் கையை உயர்த்திக் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.