ஒரே புள்ளடியில் இரண்டு பேர்

என் அக்காவின் வலது கையில் இரண்டு விரல்களை எங்கள் தோட்டத்துத் தலைவர் முறித்தார். மாரியம்மன் கோயிலுக்குள், பட்டப்பகலில். தேர்தலில் தனக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணை நிறுத்தலாமா என்ற கேள்விக்கு அவர் கொடுத்த பதில் அது.

நான் தேயிலைத் தொழிற்சாலையில் மின்பழுது பார்ப்பவள். ஒரு மோட்டார் எரிந்துபோனால் முதலில் எது சூடானது, அடுத்து எது என்று வரிசையாகத் தெரியாமல் அதில் கை வைக்கமாட்டேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

பிரதேச சபைக்கு எங்கள் வட்டாரத்திலிருந்து இரண்டு அங்கத்தவர்கள். அதனால் ஒவ்வொரு கட்சியும் இரண்டு பேரைச் சேர்த்தே நிறுத்தும். வாக்குச்சீட்டில் ஆள் பெயர் இருக்காது, கட்சியும் சின்னமும்தான் இருக்கும். சின்னத்துக்கு நேரே ஒரு புள்ளடி இட்டால் அது இருவருக்குமான வாக்கு. ஒருவர் வேண்டும், மற்றவர் வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

முதல் ஆள் எங்கள் தலைவர். இருபது வருடங்களாகத் தோட்டத்தில் சங்கத்துக்கும் கட்சிக்கும் அவர்தான் தலைவர். இரண்டாவது ஆளாகத் தன் மச்சானை நிறுத்த நினைத்திருந்தார். கொழுந்து எடுக்கும் பெண்கள் என் அக்காவைக் கேட்டார்கள்.

அதற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம் மலையில் குளவி கலைந்து ஏழு பெண்களைக் கொட்டியது. ஒருத்திக்கு முகம் வீங்கி மூச்சு நின்று நின்று வந்தது. கொழுந்து ஏற்றாமல் லொறி கீழே போகாது என்றார் சாரதி. அக்கா ஒரு கல்லை எடுத்து லொறியின் முன்கண்ணாடியை உடைத்தாள். அடுத்த கல் உன் தலைக்கு என்றாள். லொறி ஆஸ்பத்திரிக்குப் போனது, அந்தப் பெண் பிழைத்தாள்.

வேட்பாளரைத் தீர்மானிக்கும் கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கோயில் மண்டபத்தில் நடந்தது.

“பொம்பளைய நிறுத்துனா பக்கத்துத் தோட்டத்துக்காரன் சிரிப்பான்யா,” என்றார் முன்வரிசையில் ஒருவர்.

“இப்ப மட்டும் அழுவுறானாக்கும்?” என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள்.

தலைவர் எழுந்தார். “பட்டியல்ல பொம்பளைங்க பேரு வேணும்னு சட்டம் சொல்லுது. சரி, இல்லேங்கல. அத வேற வட்டாரத்துல போட்டுக்குவாங்க. எனக்குப் பக்கத்துல நிக்கிறவன் நாலு பேர அடிக்கத் தெரிஞ்சவனா இருக்கணும்.”

“நாலு பேர அடிக்கிறவங்கள வச்சு இருபது வருசமா என்னத்தக் கிழிச்சீங்க தலைவரே?” என்றாள் அக்கா. “எங்க லயத்து வீட்டுக் கூரையில தகரத்த விட ஓட்டைதான் அதிகம்.”

தலைவரின் மச்சான் ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி அக்காவின் பக்கம் எறிந்தார். அது ஒரு கிழவியின் தோளில் பட்டது. கிழவியின் மகன் எழுந்து மச்சானின் சட்டையைப் பிடித்தான். அந்த நேரத்தில்தான் பூசாரி, “கோயிலுக்குள்ள அடிச்சுக்காதீங்க, பூக்கட்டிப் பார்த்துருவோம்,” என்றார்.

உடனே எல்லோரும் அமைதியானார்கள். எங்கள் தோட்டத்தில் கல்யாணமானாலும் மாடு வாங்குவதானாலும் அப்படித்தான். ஒரு காகிதத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வெளியே தெரியாமல் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் போடுவார்கள். ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை என்றால் செய்யலாம், சிவப்பு என்றால் கூடாது. மற்றப் பொட்டலத்தை யாரும் பிரிப்பதில்லை, அப்படியே ஆற்றில் போட்டுவிடுவார்கள். கட்சி வேட்பாளரையும் இப்படித் தீர்மானிப்பவர்கள் இந்த நாட்டில் எங்களைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியாது. அன்று அது எனக்கு வேடிக்கையாகக்கூடப் படவில்லை. நானும் கைகூப்பிக்கொண்டுதான் நின்றேன்.

பொட்டலங்களைத் தலைவரே கருவறை வாசலில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கட்டினார்.

“நீயே எடும்மா,” என்றார் அக்காவிடம். “நாளைக்கு என்னைக் குத்தஞ் சொல்லக் கூடாது பாரு.”

அக்கா ஒன்றை எடுத்துப் பிரித்தாள். செவ்வரளி. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பூசாரி மற்றதை எடுக்கக் குனிந்தார்.

“அதையும் பிரிங்க,” என்றேன்.

ஏன் சொன்னேன் என்று பிறகு பலரும் கேட்டார்கள். என் வேலை அப்படி. ஒரு கம்பியில் மின்சாரம் இல்லை என்று டெஸ்டர் காட்டினால் மற்றதையும் தொட்டுப் பார்ப்போம்.

“சாமி குத்தம்டீ!” என்று யாரோ கத்தினார்கள். பூசாரி கையை இழுத்துக்கொண்டார். அக்கா குனிந்து அதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

தலைவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அக்கா திறக்கவில்லை. விரலை ஒவ்வொன்றாக நிமிர்த்தப் பார்த்தார். பதினாறு வயதிலிருந்து கொழுந்து கிள்ளும் விரல்கள், எளிதில் நிமிரவில்லை. மோதிர விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துப் பின்னால் வளைத்தார். காய்ந்த தேயிலைக் குச்சி, மிலாறு, முறிவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் தாமதித்து இன்னொன்று. அக்கா கத்தவில்லை. குனிந்து அவர் புஜத்தைக் கடித்தாள். அவர் இடதுகையால் அவள் முகத்தில் குத்தினார். அவள் வாயிலிருந்து இரத்தம் தெறித்துப் பூசாரியின் வேட்டியில் விழுந்தது.

அர்ச்சனைத் தட்டில் உடைக்காத தேங்காய் ஒன்று இருந்தது. நான் அதை எடுத்துத் தலைவரின் காதோடு சேர்த்து அடித்தேன். ஒருமுறையல்ல, இரண்டுமுறை. முதல் அடியிலேயே அவர் அக்காவை விட்டுவிட்டார். இரண்டாவது அடி தேவையில்லாதது. அதை மறைக்க விரும்பவில்லை.

பிறகு எல்லோரும் எல்லோரையும் அடித்தார்கள். ஒரு பெண்ணின் கூந்தலைப் பிடித்துப் படியில் இழுத்தார்கள். ஒருவரின் முன்பல் குத்துவிளக்கில் பட்டு உடைந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் ஏறியபோது தலைவரின் மச்சான் தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு எங்கள் லயத்துக்குப் போய்க் கதவை நடுவில் பிளந்துவிட்டார் என்று போனில் சொன்னார்கள். அம்மா பக்கத்து வீட்டு அடுப்படியில் ஒளிந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் தாதி மெதுவாக அக்காவின் கையைத் திறந்தபோது பொட்டலம் உள்ளேயே நசுங்கிக் கிடந்தது. காகிதத்தைப் பிரித்தோம். அதற்குள்ளும் செவ்வரளி.

முறைப்பாட்டை எழுத வந்த பொலிஸ்காரர் அந்தப் பூவைப் பார்த்து, “மேக மொகத?” என்று சிங்களத்தில் கேட்டார். இது என்ன என்று நான் விளக்க விளக்க அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கடைசியில் பூவை ஓர் உறைக்குள் போட்டு ஒட்டினார். தேங்காயைப் பற்றியும் நானே சொன்னேன். அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெண்கள் எல்லோரும் வந்தார்கள். வந்து கூடைகளைத் தரையில் கவிழ்த்துவைத்து அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். மலைக்குப் போகவில்லை. அடுத்த நாளும் அப்படியே. எங்களுக்கு எதிராக நிற்கும் கட்சியின் ஆட்கள் தலவாக்கலையிலிருந்து தேநீர் அனுப்பினார்கள். அதைக் கேட்ட பிறகுதான் எங்கள் கட்சியின் டவுன் ஆபீசிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு காகிதங்கள்.

“தங்கச்சி, நீங்கதான் இரண்டாவது வேட்பாளர்,” என்றார் அக்காவிடம். “மேலிடத்துல முடிவு பண்ணிட்டாங்க. எங்க கட்சி எப்பவும் பெண்கள் பக்கம்தான்.”

“மத்தக் காகிதம் என்னாங்க?” என்றாள் அக்கா. கீழுதடு வீங்கி அவள் பேச்சு குழறியது.

“அது ஒண்ணுமில்ல. பொலிஸ் முறைப்பாட்ட வாபஸ் வாங்குறீங்கன்னு. ரெண்டு பேரும் ஒரே சின்னத்துல நிக்கிறீங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் கேஸ் போட்டுக்கிட்டு எப்படி ஓட்டு கேப்பீங்க? அப்புறம், இந்தத் தங்கச்சியும் அவர் மண்டைய ஒடச்சிருக்கா. நாங்களும் கேஸ் போட்டா பெக்டரி வேலை என்னாகும்?”

அக்கா என்னைப் பார்த்தாள். “போடட்டும். அடிச்சது உண்மைதான்,” என்றேன்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. கையெழுத்து வைக்காவிட்டால் மச்சான் நிற்பார். வைத்தால் அக்காவுக்கு விழும் ஒவ்வொரு வாக்கும் அவள் விரலை முறித்தவருக்கும் விழும். முறைப்பாட்டை விட்டுக்கொடுத்தால் சபைக்குப் போகலாம். ஆனால் அடுத்த கூட்டத்தில் அவர் இன்னும் எத்தனை விரல்களை முறிப்பார் என்பதற்கு அளவே இராது. மலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு அவள் என்ன சொல்வாள்? நான் அவளாக இருந்தால் இரண்டு காகிதங்களையும் கிழித்திருப்பேன்.

அக்கா வேட்புமனுவைத் தன் பக்கம் இழுத்தாள்.

“கையில கட்டு இருக்கே, கைநாட்டு வச்சாலும் போதும்,” என்றார் டவுன் ஆபீஸ்காரர்.

“எங்கப்பன் காலத்தோட அது போச்சு,” என்றாள். இடதுகையில் பேனாவைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாக, கோணல்மாணலாகக் கையெழுத்து வைத்தாள். மற்றக் காகிதத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

“ரெண்டும் சேர்ந்ததுதான் தங்கச்சி.”

“நாளைக்கு மத்தியானத்தோட மனு முடியுதுங்க. வேணும்னா இத எடுத்துட்டுப் போங்க. வேணாம்னா மச்சானையே நிறுத்துங்க. வெளிய உக்காந்திருக்கவங்ககிட்ட நீங்களே சொல்லிருங்க.”

அவர் வெளியே பார்த்தார். ஒரு காகிதத்தோடு போனார்.

பிரசாரத்தின் நடுவில் நீதிமன்றத் தவணை வந்தது. கட்சிக்கு எங்கள் பக்கத்தில் ஒரே ஒரு வான் வண்டிதான். அதனால் வழக்குப் போட்டவளும், அடித்தவரும், அவரை அடித்த நானும் ஒரே வானில் நுவரெலியாவுக்குப் போனோம். தலைவர் முன்னால் உட்கார்ந்தார். காதில் இன்னும் பஞ்சு. வழி முழுக்க ஒலிபெருக்கியில் இருவரின் பெயரும் சேர்த்து ஓடிக்கொண்டிருந்தது. நீதிமன்ற வாசலில்தான் சாரதி அதை நிறுத்தினார். அக்கா நடந்ததை நடந்தபடி சொன்னாள். தலைவருக்குப் பிணை கிடைத்தது. தேங்காய்க்காக எனக்கும் ஒரு தவணை தந்தார்கள். அதே வானில் திரும்பினோம்.

அன்று சாயங்காலம் பெரட்டுக்களத்தில் கூட்டம். அக்கா பேச எழுந்ததும் முன்னால் ஒருத்தி கேட்டாள்: “உனக்குப் போட்டா அந்தாளுக்கும் போயிருமேடீ?”

“போகும்,” என்றாள் அக்கா. “போடாட்டி நானும் போகமாட்டேன். அவரு தனியாப் போயிதான் இருபது வருசம் பாத்தாச்சே. இனி எங்க போனாலும் பக்கத்துல ஆள் இருக்கும்.”

அப்போது தேயிலைச் சரிவிலிருந்து கற்கள் வந்தன. முதல் கல் மேசையில் விழுந்தது. இரண்டாவது அக்காவின் தலைக்கு மேலே போனது. மூன்றாவது தலைவரின் நெற்றியில் பட்டு அவர் முழங்காலில் விழுந்தார். எறிந்தவர் யார் என்று எல்லோரும் பார்த்தோம். இடம் கிடைக்காத மச்சான் கவ்வாத்து மலைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்.

தலைவரின் கண்ணுக்குள் இரத்தம் இறங்கியது. அக்கா தன் முந்தானையைச் சுருட்டி அவர் நெற்றியில் வைத்து, நல்ல கையால் அழுத்திப் பிடித்தாள்.

“எந்திரிங்க தலைவரே. நீங்க விழுந்தா நானும் விழுந்துருவேன்.”

அவர் எழ முயன்றார்.

“நாளைக்கே பொலிசுக்குப் போங்க,” என்றாள் அவள். “நான் வந்து சாட்சி சொல்றேன்.”

“சொந்த மச்சான் மேல எப்படிம்மா கேஸ் போடுறது?” என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“நான் சொல்லித் தர்றேங்க,” என்றாள் அக்கா.

அவர் பொலிசுக்குப் போகவில்லை. தேர்தல் அன்று நான் ஒரு புள்ளடி இட்டேன். இருவரும் சபைக்குப் போனார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. தவணை நாட்களில் அவர்கள் இப்போதும் ஒரே வானில்தான் போகிறார்கள். முன்னிருக்கையில் மட்டும் அவருக்குப் பதிலாக அக்கா உட்காருகிறாள்.