ஐயாவைக் கேள்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அப்பாவும் மகளும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்கள். வேலை சின்னதுதான். அப்பா பேசுவது தம்பிக்குப் புரிய வேண்டும்.

தம்பி என்பது ஆள் இல்லை. அப்பா சூப்பர்வைசராக இருந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் புகார்களை வாங்கி, ஆள் அனுப்பி, வேலை முடிந்ததா என்று விசாரிக்கும் ஏஐ ஏஜென்ட். சாஃப்ட்வேர் சோதிக்கும் வேலையில் இருந்த மகள்தான் அதை அமைத்துக் கொடுத்தாள். தம்பி என்று பேர் வைத்தது அவர். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஸ்கில் உண்டு. குழாய் ஒழுகினால் என்ன கேட்க வேண்டும், யாரை அனுப்ப வேண்டும் என்று படிப்படியாக எழுதிவைத்த குறிப்பு. ஒருமுறை எழுதினால் போதும். எந்த வீட்டில் ஒழுகினாலும் தம்பி அதையே எடுத்துப் படித்து வேலையைப் பார்க்கும்.

எல்லா ஸ்கில்லிலும் நடுவில் ஒரு படி இருந்தது: ஐயாவைக் கேள். ஐயா என்றால் அப்பா. அவர் பதில் சொன்னால்தான் அடுத்த படி. வம்பு அந்தப் பதிலில் வந்தது.

"மொட்டை மாடிக் கதவுக்கு பெயிண்ட் அடிக்கலாமான்னு கேட்டுச்சு. பார்க்கலாம்னேன். பெயிண்டரைக் கூட்டிட்டு வந்து நிறுத்திடுச்சும்மா."

"பார்க்கலாம்னா என்னப்பா அர்த்தம்?"

"வேண்டாம்னு அர்த்தம். இதுகூடவா தெரியாது?"

"அப்போ வேண்டாம்னே சொல்லுங்களேன்."

"அப்படி மூஞ்சில அடிச்ச மாதிரியா சொல்றது?"

"அது மெஷின்ப்பா."

"இருந்துட்டுப் போகட்டும். காலையிலேர்ந்து அதுவும் நம்மகூட அலையுதில்ல."

அவள் 'ஐயா பேச்சு' என்று ஒரு புது ஸ்கில் திறந்தாள். 'பார்க்கலாம்' என்றால் வேண்டாம். 'பாத்துக்கலாம்' என்றால் நாளைக்கு மறுபடி கேள். 'சரி' என்றால் செய். 'சரி சரி' என்றால் இப்போது தொந்தரவு செய்யாதே.

சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "இதை என்கிட்ட கேட்டிருந்தா கல்யாணமான மறுவாரமே எழுதிக் கொடுத்திருப்பேனே. 'ம்'முன்னு ஒண்ணு இருக்கு, விட்டுட்டீங்க."

"'ம்'னா என்னம்மா?"

"காதுல விழலைன்னு அர்த்தம்."

அப்பா "ம்" என்றார். மூவரும் சிரித்தார்கள்.

அவர் முதலில் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கதவு இடது ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துக்கொண்ட பிறகு கட்டட வேலைக்கு வந்தார். இடது கைக்காரர். மீதி விரல் கண்ணாடித் திரையில் சரியாகப் படாது. நடுவிரலால் டைப் அடிப்பார். குடியிருப்பவர்களின் பேர் ஒன்றும் மண்டையில் நிற்காது. அவருக்கு அவர்கள் மூணாம் மாடி மூலை வீடு, நாய் வீடு, பாட்டுக் கிளாஸ் வீடு.

பழைய ஸ்கில்லைத் திருத்த மாட்டார். எது எப்போது தேவைப்படுமோ என்று நகலெடுத்து வேறு பேர் வைப்பார். குழாய். குழாய்-சரியானது. குழாய்-இதுதான்-சரி. குழாய்-கடைசி. குழாய்-கடைசிக்கு-அப்புறம். ஒருமுறை தம்பி இரண்டு ஸ்கில்லை ஒரே நேரத்தில் எடுத்து, நாய் வீட்டுக்கு இரண்டு பிளம்பர்களை அனுப்பிவிட்டது. இருவரும் வாசலில் சண்டை போட்டார்கள். நாய் ஒருவரைக் கடித்தது. "சண்டையைத் தீர்த்துவெச்சது அதுதான்" என்று அப்பா ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நகலெடுப்பதை மட்டும் விடவில்லை.

அடுத்த வாரம், வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

கட்டடமே வந்து பார்த்துவிட்டுப் போனது. தம்பிக்குத்தான் தெரியாது. மறுநாள் காலை அப்பாவின் போன் அடித்தது. ஐயா, பாட்டுக் கிளாஸ் வீட்டில் கழிவுநீர்க் குழாய் அடைப்பு. ஆள் அனுப்பலாமா?

மகள் 'சரி' என்று அடித்தாள். ஆள் போனார்.

அப்புறம் அதுவே பழகிவிட்டது. போனைக் கையிலேயே வைத்திருந்தாள். புது சூப்பர்வைசர் வந்துவிட்டார், அந்தப் படியை மட்டும் மாற்றிக் கொடும்மா என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் இரண்டு தடவை கேட்டார். செய்கிறேன் என்றாள். அரை மணி நேர வேலை. செய்தால் போன் அடிக்காது. ஐயா என்று கூப்பிட்டு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

"யாருடி?" என்றாள் அம்மா, போன் அடித்தபோது.

"தம்பிம்மா."

"அதுக்கு இன்னும் யாரும் சொல்லலையா?"

ஒரு நாள் அவள் மீட்டிங்கில் இருந்தாள். அப்பாவின் போன் பைக்குள் இருந்தது. கட்டடத்தில் மோட்டார் நின்று, கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்குக்கூடத் தண்ணீர் ஏறவில்லை. வெளியே வந்தபோது அவளுடைய போனில் பிளம்பர்.

"பாப்பா, காலையிலேர்ந்து கீழதான் நிக்கிறேன். மோட்டார் ரூம் பூட்டுக்கு நம்பர் கேட்டா, ஐயா இன்னும் சொல்லலைங்குது தம்பி. ஐயா எங்கேர்ந்து பாப்பா சொல்லுவாரு?"

அப்பாவின் போனை எடுத்து 'சரி' என்று அனுப்பினாள். மீதி நாளுக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அதே மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள்.

குழாய் ஐந்தையும் ஒன்றாக்கினாள். பேர்: குழாய். அதைத் தம்பி ஒழுங்காக எடுக்கிறதா என்று ஓட்டிப் பார்த்தாள். எடுத்தது. பிறகு ஒவ்வொரு ஸ்கில்லாகத் திறந்தாள். அவசர வேலை என்றால் யாரையும் கேட்காமல் செய். மற்றவற்றுக்குப் புது சூப்பர்வைசரைக் கேள். 'ஐயா' என்ற சொல் இருந்த இடமெல்லாம் மாறியது. கடைசியில் 'ஐயா பேச்சு' மட்டும் நின்றது. அதை இனி எந்த ஸ்கில்லும் கூப்பிடாது. ஆனாலும் விட்டுவைத்தால் தம்பி இன்னொருத்தர் பேச்சுக்கு அப்பாவின் அர்த்தத்தை எடுத்துக்கொள்ளும். அழித்தாள்.

அப்பாவின் கணக்கை மூடப் போனாள். மூட முடியவில்லை. அவர் பேரில் ஒரு வேலை பாக்கி என்றது.

புகார்: குளியலறைத் தாழ்ப்பாள் விழவில்லை. கொடுத்தவர்: சூப்பர்வைசர் வீட்டம்மா.

"அம்மா, நீயா இதுல புகார் போட்டே?"

"ஆமா. வாயால சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு. அது கேட்டா பதில் சொல்றாரில்ல, அதான்." அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். "சொன்னாரா?"

தச்சரை அனுப்பலாமா என்று தம்பி கேட்டிருந்தது. மகள் அப்பா எழுதியதை வாசித்தாள்.

"யாரையும் அனுப்பாதே. நானே வர்றேன்."

அம்மா கொடியிலிருந்து துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனாள். உள்ளே வாளியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம் கேட்டது.