ஒரு பிடி தானியமும் பெருக்கு மந்திரமும்

தையற்காரி காய்ச்சலில் கிடந்தபோது, கிடங்கில் சாக்கு தைக்கும் பக்கத்து அறைக்காரி சத்தமில்லாமல் வந்து, தையற்காரியின் பிள்ளைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊட்டிவிட்டுப் போனாள். அது தன் பானையில் மூடிவைத்திருந்த தானியம் என்று அவள் வாயே திறக்கவில்லை.

அந்த ஊரில் பெருக்கு மந்திரம் தெரியாத பெரியவர் இல்லை. விடிந்ததும் ஒரு பிடி தானியத்தைப் பானையில் போட்டு, மந்திரம் சொல்லி மூடவேண்டும். பொழுது சாயும்வரை திறக்காவிட்டால் பானை நிறையும். நடுவில் திறந்தால் அதே ஒரு பிடிதான். சாப்பிட வேறு தானியம் இருந்த வீடுகளில் பானை நிறைந்துகொண்டே இருந்தது. கிடங்கில் சாக்கு தைத்தவளுக்கு நாள் கூலியாகக் கிடைத்ததே அந்த ஒரு பிடி. மகள் பசியில் சுருண்டதும், மதியத்துக்குள் மூடியைத் திறந்துவிடுவாள்.

“மந்திரம் தெரிஞ்சும் பட்டினி கிடக்கிறாளே, சோம்பேறி” என்று தெருவே சிரித்தது.

“இன்னிக்கு ஒருநாள் பல்லைக் கடிச்சிக்கயேன்டி” என்றாள் தையற்காரி.

“நான் கடிச்சிப்பேன்க்கா. இவ வயிறு என் பேச்சைக் கேக்குதா?”

கடைசியில் கிடங்கையும் மூடிவிட்டார்கள். தூரத்துச் செங்கல் சூளையில் வேலை இருந்தது; ஆனால் அங்கே பிள்ளைகளைச் சேர்க்கமாட்டார்கள். மகளைத் தையற்காரியிடம் விட்டாள்.

“கவலைப்படாதே. இவளுக்கு மந்திரத்தை நல்லாச் சொல்லிக் குடுக்குறேன்” என்றாள் தையற்காரி.

சூளைக்குப் போகும் லாரியில் ஏறப்போனவள் நின்றாள்.

“வேண்டாங்க்கா. அது தெரிஞ்சா, பசிக்கிறது தன் தப்புன்னு நெனச்சுக்குவா.”