என் தட்டில் மஞ்சள் கரு இல்லாத காலை

என் மகனுடைய காலை உணவு இப்போதெல்லாம் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் அடங்கிவிடுகிறது. நாற்பதைத் தாண்டிய பிறகு வயிறு சற்றே முன்னால் வந்துவிட்டதென்று உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்ந்திருக்கிறான். வாழைப்பழம், பப்பாளித் துண்டுகள், இரண்டு கரண்டித் தயிர், இவற்றோடு முட்டையின் வெள்ளைக் கருவையும் மிக்சியில் இட்டுச் சுற்றவிடுகிறான். அதற்கு ஸ்மூத்தி என்று பெயராம். முட்டையை உடைத்து, மஞ்சள் சிதையாமல் ஓட்டிலிருந்து ஓட்டுக்கு மாற்றி, வெள்ளையை மட்டும் வழியவிடும் பக்குவம் அவன் கைக்கு இன்னும் வரவில்லை. ஆகவே அந்தப் பணி என்னுடையதாயிற்று.

"மஞ்சள நீ எடுத்துக்கம்மா, எனக்கு ஆவாது" என்று சொல்லிவிட்டு நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவான்.

நானும் எடுத்துக்கொள்கிறேன். தோசைக் கல்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, கருவை உடையாமல் இறக்கி, மிளகுத் தூள் தூவி, ஓரம் முறுகும் முன் எடுத்துவிட வேண்டும். முதல் வாய் உள்ளே போகும்போது எனக்கு வயது ஏழாகிவிடுகிறது. உப்பளம் என்ற பகுதியில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டின் அடுப்படி கண் முன்னே வந்து நிற்கிறது. கூடவே என் மாமாவும் வந்துவிடுகிறார்.

மாமா என் அம்மாவின் ஒரே தம்பி. அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே அவர்களுடைய தாயார் காலமாகிவிட, பத்து வயதுச் சிறுமியாக இருந்த என் அம்மாவே அவரை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அம்மாவுக்குத் திருமணமானபோது சீர்வரிசையோடு தம்பியும் கூட வந்துவிட்டான் என்று அப்பா வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தாத்தா வெள்ளைக்காரர் வீடொன்றில் சமையல்காரராக இருந்தவர். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து எங்கள் ஊர் இந்தியாவுக்குக் கைமாறிய காலத்தில் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டுமென்று எழுதிக் கொடுத்தார். மாமா அப்போது சிறுவர் என்பதால் அவருக்கும் அது கிடைத்தது. அம்மா அதற்குள் எங்கள் அப்பாவின் மனைவியாகி இந்தியப் பக்கத்தவளாகிவிட்டாள். சில ஆண்டுகளில் தாத்தாவும் போய்ச் சேர்ந்தார்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். விடுமுறையில் வரும் சொல்தாக்களின் பளபளக்கும் காலணிகளையும் அவர்கள் தரும் சாக்லெட்டுகளையும் பார்த்து வளர்ந்த மாமாவுக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. காகிதங்கள் யாவும் சரியாக இருந்தன. உடம்புதான் சரியாக இல்லை. கடற்காற்றில் கொடியில் ஆடும் சட்டையைப் போன்ற தேகம் அவருக்கு. எடை போதவில்லையென்று மருத்துவர் திருப்பியனுப்பிவிட்டார். பொங்கல் கழிந்து இன்னொரு முறை வரலாம், அதற்குப் பிறகு வரவேண்டியதில்லை என்றும் சொல்லிவிட்டாராம்.

"சதை போடறதுக்கு எதாச்சும் பண்ணிக் குடுக்கா" என்று மாமா அம்மாவிடம் கேட்டார்.

"பண்ணிக் குடுக்கறேன்டா. ஏன் மூஞ்சிய அப்பிடி வெச்சிக்கிற?" என்றாள் அம்மா.

மறுநாள் காலையிலேயே எங்கள் வீட்டில் முட்டையும் பழமும் கலந்த பானம் உருவாயிற்று. அம்மா இரண்டு முட்டைகளை உடைத்து வெள்ளையைத் தனியாகப் பிரித்து ஒரு பித்தளைக் கிண்ணத்தில் இடுவாள். தாத்தா விட்டுச் சென்ற முள்கரண்டி ஒன்று இருந்தது. அதைக் கொண்டு, தாத்தாவிடம் கற்றபடி, மணிக்கட்டு மட்டும் அசையும்படி அடிப்பாள். சளசளவென்று கிடந்த வெள்ளை சிறிது நேரத்தில் பொங்கி, வெளுத்து, கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டு நிற்கும். அது பதமாகிவிட்டதா என்று பார்க்கும் முறைதான் எனக்கு மிகவும் விருப்பமானது. கிண்ணத்தை என் தலைக்கு மேலே கொண்டுவந்து அப்படியே கவிழ்த்துவிடுவாள். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கூச்சலிடுவேன். ஒரு துளியும் விழாது.

பிறகு ஒரு பூவன் பழத்தை மசித்து, கொஞ்சம் பாலில் கரைத்து, கவிச்சி தெரியாமலிருக்க ஏலக்காய் தட்டிப் போட்டு, அதன்மேல் அந்த நுரையைக் கோபுரமாக ஏற்றி, மாமாவின் கையில் பெரிய தம்ளரைக் கொடுப்பாள். மாமா குடித்து முடிக்கும்போது மூக்கின் நுனி வரையில் வெள்ளையாக இருக்கும்.

"அந்த மஞ்சள ஏங்க்கா எடுத்துட்ட?" என்று முதல் நாள் கேட்டார்.

"மஞ்ச சூடுடா. பித்தம் தலைக்கேறிப் படுத்துக்கினா அப்புறம் எந்தப் பட்டாளத்துக்குப் போவ?"

அதன்பின் அவர் கேட்கவில்லை. அக்காவின் கை கொடுத்ததைத் தவிர வேறெதையும் உண்டறியாதவர். மஞ்சள் கருக்கள் இரண்டும் மிளகுத் தூளோடு என் தட்டுக்கு வந்து சேர்ந்தன. மாமாவின் உடல் தேற இன்னும் பல ஆண்டுகள் ஆகவேண்டுமென்று நான் அந்நாளில் மனதார வேண்டிக்கொண்டதில் வியப்பில்லை.

அப்பா ஆலைக்குப் புறப்படும்போது தம்ளரை எட்டிப் பார்ப்பார். "என்னா மாப்ள, நுரையத்தான் குடிக்கிறியா? காத்தக் குடிச்சா காத்தாத்தான் ஆவ. பாத்து, ஒரு நாளைக்கு அடிச்சிக்கினு போயி தேங்காய்த்திட்டுல போட்டுடப் போவுது."

மாமா சிரிப்பார். அம்மா மட்டும் சிரிக்கமாட்டாள். "நேரமாவுது, கெளம்புங்க" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மாமா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு விறகுத் தொட்டிக்குப் போவார். அங்கே விறகு நிறுக்கும் பெரிய தராசு உண்டு. ஒரு தட்டில் மாமா ஏறிக் குந்திக்கொள்ள, மறு தட்டில் தொட்டிக்காரர் கற்களை அடுக்குவார். மாமா இறங்கியதும் நான் அடம்பிடித்து ஏறிக்கொள்வேன். வாரங்கள் சென்றன. மாமாவுக்கு வைத்த கற்கள் அப்படியே இருந்தன. எனக்கு மட்டும் ஒரு சிறிய கல் கூடிக்கொண்டே வந்தது.

"ஏம்ப்பா, பட்டாளத்துக்குப் போறது நீயா, பாப்பாவா?" என்று தொட்டிக்காரர் கேட்க, அங்கிருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். நான் பெருமையோடு வயிற்றைத் தட்டிக் காட்டினேன். மாமா திரும்பும் வழியெல்லாம் வேகமாக நடந்தார், நான் பின்னாலேயே ஓடினேன்.

வீடு வந்ததும் அவர் கொல்லைப்புறத்துப் பப்பாளி மரத்தடியில் போய் உட்கார்ந்துவிட்டார். அம்மா சோறுண்ண அழைத்தும் எழவில்லை. அவள் அருகே சென்று தோளைத் தொட்டபோதுதான் அவர் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது.

"அக்கா, எனக்கு உள்ள எதோ நோவு இருக்குதுக்கா. இல்லன்னா இம்மாம் நாளு நீ பாத்துப் பாத்துக் குடுத்தும் ஏன் ஏறல? அம்மாவும் இப்பிடித்தான எளைச்சி எளைச்சிப் போய்ட்டாங்க? நானும் போய்டுவேனாக்கா?"

அம்மா தம்பியின் தலையில் கையை வைத்தாள். நெடுநேரம் எடுக்கவில்லை. அவள் முகம் எப்படி இருந்ததென்று நினைவுகூர நான் பலமுறை முயன்றிருக்கிறேன். நான் நின்றிருந்த இடத்திலிருந்து அவள் முதுகு மட்டுமே தெரிந்தது.

மறுநாள் காலையில் முள்கரண்டியின் ஓசை கேட்கவில்லை. அம்மா முட்டைகளை முழுதாக உடைத்துப் பாலில் ஊற்றினாள். இரண்டு பழங்களை மசித்தாள், வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கலக்கினாள். தம்ளரில் முக்கால் அளவுதான் நிறைந்தது. மஞ்சளாக, கெட்டியாக, கோபுரமின்றி இருந்தது.

மாமா அதை வாங்கிப் பார்த்தார். "என்னாக்கா, நுரையே காணோம்?"

"குடி."

"சூடு ஆவாதா?"

"ஒண்ணும் ஆவாது. குடிடா."

மாமா குடித்தார். அன்றும், அதற்குப் பின் வந்த நாட்களிலும் குடித்தார். தராசின் கற்கள் நகரத் தொடங்கின. பொங்கலுக்குப் பிறகு மருத்துவர் முன் நின்றவர் எங்கள் தெருவே பார்க்கும்படி ஓடிவந்து அம்மாவைத் தூக்கிச் சுற்றினார். "தூக்குறான் பாரு, அம்மாம் தெம்பு!" என்று அப்பா கைதட்டினார். அடுத்த மாதத்தில் ஒரு விடியற்காலையில் அவரைச் சென்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வந்தோம்.

அதன்பின் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தது இரண்டே முறை. என் திருமணத்திற்கு வந்தபோது பிரான்சில் பனி விழுவதைப் பற்றிச் சொன்னார். சன்னலைத் திறந்தால் அக்கா அடித்த நுரையை ஊர் முழுதும் கொட்டிவைத்தது போலிருக்குமாம். "ஒரு தரம் அந்த நுரைய அடிச்சிக் குடேன்க்கா" என்று கேட்டார். பித்தளைக் கிண்ணமும் முள்கரண்டியும் அப்போதும் எங்கள் அலமாரியில்தான் இருந்தன. "கை வலிக்குதுடா" என்று சொல்லி அம்மா உள்ளே போய்விட்டாள். அம்மா காலமானபோது அவரால் உரிய நேரத்தில் வந்துசேர இயலவில்லை. இப்போது அவரும் அந்தப் பனிக்கடியில் எங்கோ உறங்குகிறார்.

என் மகன் பிறந்த சமயத்தில் நான் மிகவும் மெலிந்து போயிருந்தேன். அம்மா நாள்தோறும் முட்டையை வேகவைத்து, வெள்ளையை ஒதுக்கிவிட்டு, மஞ்சளை மட்டும் உருட்டி வாயில் ஊட்டினாள். சூடு என்பாயே அம்மா, என்று கேட்டேன்.

"யாரு சொன்னா? வெள்ளை வெறும் தண்ணிடி. மஞ்சதான் ஒடம்புல ஒட்டும். எங்கப்பா சமையக்கட்டுல எனக்கு மொதமொதல்ல சொல்லிக் குடுத்ததே அதுதான்."

சொல்லிவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்த நேரத்தில் பிள்ளை அழுதான். நானும் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்பதற்கு ஏதேனும் மிச்சமிருந்ததா என்ன? தம்பியைத் தன் கண் பார்வையிலேயே வைத்துக்கொள்ள அவளிடம் இருந்தது ஒரு முள்கரண்டி மட்டுந்தான். அதைக்கொண்டு தன்னால் இயன்றவரை அடித்துப் பார்த்திருக்கிறாள்.

நுரை அடிக்காத அந்தக் காலையைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. மாமா குடித்துவிட்டு வெளியே சென்ற பிறகு நான் தட்டை ஏந்திக்கொண்டு அடுப்படியில் காத்திருந்தேன். வாணலி அடுப்பில் ஏறவில்லை. "என் மஞ்ச எங்க?" என்று கேட்டேன். இன்றைக்கு இல்லை என்றாள். நான் தட்டைத் தரையில் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ காலியான தம்ளரைக் கையில் பிடித்தபடி, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, என்னைவிட அதிகமாக அழுதாள்.

எனக்கு மஞ்சள் தர முடியவில்லையே என்றுதான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். என் அழுகை நின்றுவிட்டது. அவள் அருகே போய் அவள் கன்னத்தை என் கையால் துடைத்தேன்.

"அழாதம்மா. எனக்கு நாளைக்குக் குடு, போதும்" என்றேன்.