ஆயக்குடியிலிருந்து அகரம் வரை: நகராத வளையல்கள்

போன ஆவணியில், ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்த தங்கை செல்வியை ஆயக்குடியிலிருந்து அகரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வரப் போனேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பதால் உங்களில் பலருக்கும் இந்தப் பயணம் வாய்க்கும். சுமார் அறுபது கிலோமீட்டர், வாடகைக் கார் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒன்றரை மணி நேரத்தில் வீடு வந்துவிடலாம் என்று நினைத்தேன்.

கிளம்பும்போதே அவளுக்குத் தலைவலி. முகமும் கையும் உப்பியிருந்தன. "புள்ள பூரிச்சுப் போயிருக்குதுங்க" என்றார் அவள் மாமியார். எனக்கும் அழகாகத்தான் தெரிந்தது, என் லட்சணம் அப்படி.

சத்திரப்பட்டி தாண்டியதும், "அண்ணே, கண்ணு மங்கலாத் தெரியுது" என்றாள். வெயிலா, பசியா, கார் குலுக்கலா? ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். "வளைகாப்புப் புள்ளைய வழியில எங்கிட்டும் எறக்காதப்பா, நேரா வா" என்றார். ஓட்டுநரோ, "ஏனுங்க, ஒட்டன்சத்திரத்துல ஆஸ்பத்திரி இருக்குதுங்க, காட்டிட்டே போலாமுங்க" என்றார். யார் பேச்சைக் கேட்பது? அதற்குள் செல்வி வாந்தி எடுத்தாள். பயந்துபோய் ஒட்டன்சத்திரம் ஆஸ்பத்திரியிலேயே இறக்கினேன்.

ரத்த அழுத்தம் எக்கச்சக்கம். ஊசி போட நரம்பு தேடினால், வீங்கிய கையில் வளையல்கள் நகரவே இல்லை. பிள்ளை பிறக்கும்வரை அவற்றைக் கழற்றக் கூடாது என்பது எங்கள் வழக்கம். அம்மாவைக் கேட்கலாமென்று நான் போனை எடுத்தேன். "ஒடைங்கக்கா" என்று செல்வியே நர்ஸிடம் கையை நீட்டினாள்.

"கடைசியா எப்பங்க பிரஷர் பாத்தீங்க?" என்றார் டாக்டர். வளைகாப்பு வேலையில் போன மாதப் பரிசோதனை விட்டுப்போயிருந்தது. தாய் வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர்கள், புகுந்த வீட்டில் பார்த்திருப்பார்கள் என்று நாங்கள் இருந்துவிட்டோம்.

"முன்ன மாதிரி பிரசவத்துல அத்தனை பேரு சாகறதில்லைங்க. இன்னும் சாகறவங்க ரத்தப்போக்கு, பிரஷர், கிருமின்னுதான் சாகறாங்க. நேரத்துல வந்தா நெறையப் பேரக் காப்பாத்திரலாமுங்க" என்றார். எல்லாரும் ஆஸ்பத்திரியில்தானே பெறுகிறார்கள், பிறகும் ஏன் சாவு என்று செய்தி படிக்கும்போதெல்லாம் குழம்பியவன் நான். விடை என் காரிலேயே வந்திருக்கிறது.

ஆம்புலன்ஸில் திண்டுக்கல் கொண்டுபோய், அன்று மாலையே அறுவைச் சிகிச்சை. பெண் குழந்தை. எடைதான் குறைவு.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கார் பிடிக்கும் முன் பிரஷர் பாருங்கள். தலைவலி, வீக்கம், கண் மங்கல் என்றால் நல்ல நேரம், சகுனம் எதுவும் பார்க்காமல் பக்கத்து ஆஸ்பத்திரியில் இறங்குங்கள். இரண்டு வீட்டில் யார் பார்த்திருக்க வேண்டும் என்பது மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இரண்டு வீட்டாருக்கும் அவள் மேல் உயிர்தான்.

மறுநாள் அம்மா வந்து அவளுடைய வெறுங்கையைப் பார்த்து, "அய்யோ, வளையல ஒடச்சுப்புட்டாங்களே" என்று அழுதார்.

செல்வி மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். "வளையல்தானம்மா போச்சு. நான் இருக்கேன்ல."