அம்மாவின் மூக்கு

எங்கள் வீட்டில் தெர்மாமீட்டர் இருந்ததில்லை. அம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. காலையில் எழுந்ததும், பல்பொடியைத் தொடுவதற்கு முன்னால், நானும் தம்பியும் அடுக்களை வாசலில் போய் நிற்க வேண்டும். அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து முகவாயைப் பிடித்துத் தூக்கி, "வாயத் திற, ஊது" என்பாள். ஊதுவோம். "போ" என்றால் பள்ளிக்கூடம். இன்னொரு முறை ஊதச் சொன்னால் அன்றைக்குக் கஞ்சியும் சுக்குக் கஷாயமும் பாயும்தான். உடம்பு தொட்டால் சில்லென்று இருக்கும், நாங்கள் குதித்துக்கொண்டிருப்போம், அதெல்லாம் அவளிடம் எடுபடாது. மத்தியானத்துக்கு மேல் காய்ச்சல் சொன்ன சொல் தவறாமல் வந்து சேரும்.

தி.நகரில், மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் நிற்பதும் கிளம்புவதும் கேட்கிற தூரத்தில் ஐந்து குடித்தனம் சேர்ந்த ஒரு வீடு. அதில் இரண்டு அறை எங்களுக்கு. அப்பா ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றார். கடை முதலாளியும் நாங்களும் திருநெல்வேலிப் பக்கம். அம்மா என்னை "ஏட்டி" என்று கூப்பிடுவதைக் கேட்டு மற்றக் குடித்தனக்காரர்கள் சிரிப்பார்கள். அவர்களுடைய "இன்னா"வையும் "கீது"வையும் கேட்டு அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். மூக்கு விஷயத்தில் மட்டும் யாரும் சிரித்ததில்லை. அடுத்த போர்ஷனில் இருந்த பஸ் கண்டக்டரின் மனைவி, விடிந்தும் விடியாமலும் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பாள்.

"அக்கா, இவன் வாயக் கொஞ்சம் மோந்து பாரேன். ஒரே அய்துகினு கீறான்."

அம்மா குனிந்து பார்த்துவிட்டு, "காச்ச இல்ல, மாந்தம். வயிறு ஊதியிருக்கு. ஓமத்தண்ணி குடு" என்பாள். அவ்வளவுதான், அந்தப் பெண் நிம்மதியாகக் குழாயடிக்குப் போய்விடுவாள். எதிர் வரிசையில் தையல் மெஷின் போட்டிருந்த பாய் வீட்டம்மாவுக்கு அம்மாவின் பேச்சு பாதிகூடப் புரியாது. அவளும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்று கேட்டால் அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. வயிறு கெட்டால் புளித்த மாவு வாடை, காய்ச்சல் வருமென்றால் காய்ந்த தோசைக்கல் வாடை, சாப்பிடாமல் கிடந்த பிள்ளையிடம் கனிந்த பழ வாடை. இவ்வளவுதான் சொல்வாள். நாற்றம் என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. "பிள்ளைக வாய் நாறாது, வாடைதான் அடிக்கும்" என்று சண்டைக்கு வருவாள்.

எனக்கும் அந்த மூக்கு கொஞ்சம் வந்திருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. ஒரே பாயில் படுக்கிறவளுக்குத் தானாக வருவதுதான். தம்பிக்கு ஐந்து வயது, எனக்குப் பத்து. அவன் வாயைத் திறந்துகொண்டு என் முகத்தைப் பார்த்துத்தான் தூங்குவான். அம்மா ஊதச் சொல்வதற்கு முன்னாலேயே அன்றைக்கு அவனுக்குப் பள்ளிக்கூடமா கஞ்சியா என்று எனக்குத் தெரிந்துவிடும். வெளியில் சொல்லிக்கொள்ளவில்லையே தவிர, உள்ளுக்குள் பெரிய கர்வம் எனக்கு.

கடையில் பண்டிகை லீவு முறை வைத்துத்தான் கொடுப்பார்கள். அந்த வருஷம் முதன்முதலாக அப்பாவுக்குக் காணும் பொங்கலன்று லீவு கிடைத்தது. பட்டணமே கடற்கரைக்குக் கிளம்புகிற நாள். நாங்கள் வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் அம்மா கடலைப் பார்த்தது இரண்டே தடவை, அதுவும் ஓடுகிற பஸ் ஜன்னல் வழியாக. அவள் எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. சேலைக்கடைக்காரர் மனைவி என்றுதான் பேர், வருஷத்துக்கு ஒரு சுங்குடிச் சேலை எடுத்தால் அதிகம். அப்படிப்பட்டவள் அந்த வாரம் முழுக்கக் கடலைத் தவிர வேறு பேச்சே பேசவில்லை. பனகல் பார்க்கில் எந்த பஸ் ஏற வேண்டும் என்று கண்டக்டர் மனைவியிடம் நாலு தடவை கேட்டாள். சேலைக்குக் கஞ்சி போட்டு மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். "அலையில கால நனைச்சிட்டு ஒரு நாழி சும்மா நிக்கணும்ட்டி" என்று என்னிடம் சொன்னாள். எனக்கு அலையும் வேண்டாம், கரையும் வேண்டாம். மணலில் ராட்டினம் வந்திருக்கிறது என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். எனக்கு ராட்டினம்.

காணும் பொங்கலன்று காலையில் கண்ணைத் திறந்ததும் அந்த வாடை அடித்தது. மாவும் இல்லை, தோசைக்கல்லும் இல்லை. சாமி படத்துப் பூவை ஈரத்தோடு இரண்டு நாள் விட்டுவிட்டால் வருமே, இனிப்பாகவும் அழுகலாகவும், அந்த மாதிரி. தம்பியின் வாயிலிருந்துதான். நெற்றியைத் தொட்டேன், லேசாக வெதுவெதுப்பு.

அவன் விழித்துக்கொண்டு, "அக்கா, எச்சி முழுங்குனா வலிக்கு" என்றான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்காக இல்லை, ராட்டினத்துக்காக. எங்களில் ஒருவருக்கு வாடை என்றால் வீடே முடங்கிப் போகும், அதுதான் அம்மாவின் சட்டம். அம்மா அப்போது குளிக்கப் போயிருந்தாள். நான் அடுக்களைக்குள் போய், முந்தின நாள் சர்க்கரைப் பொங்கலுக்கு எடுத்த ஏலக்காய் டப்பாவைத் திறந்து இரண்டு காயை எடுத்தேன். உரித்து விதையை அவன் வாயில் போட்டு மெல்லச் சொன்னேன். தொண்டையில் காரம் பட்டு அவனுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. துப்பப் பார்த்தான்.

"ராட்டினம் வேணுமா, வேண்டாமா?" என்றேன்.

வேணும் என்று தலையாட்டி மென்றான். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கடுஞ்சொல் பேசியிருக்கிறேன். அந்த ஒரு கேள்விக்கு அவை எதுவும் ஈடாகாது.

அம்மா ஈரத்தலையில் துண்டோடு வந்தாள். முதலில் நான் ஊதினேன். அடுத்து தம்பி. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் குனிந்திருந்தாள். இன்னொரு முறை ஊதச் சொல்லவில்லை.

"போங்க, போய்ப் பல்லத் தேய்ங்க" என்றாள்.

அவள் மூக்கையே ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றைய கடற்கரை இன்றைக்கும் எனக்குக் கண்ணுக்குள் நிற்கிறது. மணலே தெரியாத கூட்டம். தூக்குச்சட்டியில் புளியோதரை, வாழை இலைத் துண்டுகள், மாங்காய்ப் பத்தை விற்கிறவரின் குரல், பலூன்காரரின் கொட்டு. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப் பையன் மாதிரி ஓடினார். கடைக்குள் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கிற மனுஷனை அப்படி நான் பார்த்ததே இல்லை. ராட்டினத்தில் நான் மூன்று தடவை ஏறினேன். தம்பி ஒரு தடவை ஏறி, மேலே போனதும் இறக்கிவிடச் சொல்லி அழுதான். அம்மா அவனை மடியில் போட்டுக்கொண்டு மணலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அலைக்கு வா என்று அப்பா கூப்பிட்டார். "நீங்க போங்க, எனக்கு இங்கன நல்லாத்தான் இருக்கு" என்றாள். வாரம் பூராவும் கடல் கடல் என்று உயிரை எடுத்துவிட்டு, வந்த இடத்தில் கால்கூட நனைக்கவில்லையே என்று அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் கேலி செய்தார்.

மறுநாள் காலையில் தம்பியின் கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. பேச்சு மூக்கால் வந்தது. உஸ்மான் ரோடு டாக்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். தொண்டைக்குள் பாலாடை மாதிரி வெள்ளையாகப் படர்ந்திருப்பதை அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"தொண்டை அடைப்பான். நேத்தே கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றார்.

அம்மா தம்பியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்கு வடக்குக் கோடியில் இருந்த தொற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் கொண்டுபோனார்கள். அம்மா அவனோடு அங்கேயே தங்கிவிட்டாள். எனக்கும் குடித்தனத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். நான் கண்டக்டர் வீட்டில் சாப்பிட்டேன். அவர்கள் பயந்து என்னை ஒதுக்கியிருக்கலாம், ஒதுக்கவில்லை. அப்பா ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக அலைந்தார். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும் நான் பின்கட்டுக்கு ஓடிவிடுவேன். அவன் செத்துப்போனான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். செத்துப்போனால் கொன்றது நான்தானே. பத்து வயதில் அதை நினைத்துக்கொண்டு ஒரு பிள்ளை சோற்றை விழுங்குவது லேசில்லை. சொல்லிவிடலாம் என்று வாய்வரை வரும். கண்டக்டர் மனைவி சோற்றைப் பிசைந்து கையில் உருட்டி வைப்பாள், திரும்ப உள்ளே போய்விடும்.

அவன் பிழைத்தான். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. வீட்டுக்கு வந்த பிறகும் தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். பேச்சு கொஞ்ச நாள் ஞணஞணவென்று இருந்தது. தெருப் பையன்கள் அதேபோலப் பேசிக்காட்டினார்கள், நான் இரண்டு பேரைக் கல்லால் அடித்தேன். கோடை லீவு வருவதற்குள் அவன் பழைய மாதிரி ஆகிவிட்டான்.

அம்மாதான் பழைய மாதிரி ஆகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் காலையில் வழக்கம்போல அடுக்களை வாசலில் போய் நின்றோம். அம்மா அடுப்பைவிட்டு எழவில்லை. "அப்பாட்டப் போய் ஊதுங்க" என்றாள். அப்பா பொடி போடுகிற ஆள். அவர் மூக்குக்குப் பொடியைத் தவிர உலகத்தில் எந்த வாசனையும் கிடையாது. நாங்கள் ஊதினால் ஆழமாக இழுத்து, பெரிய தும்மல் ஒன்று போட்டுவிட்டு, "நல்லாருக்கு" என்பார். தம்பியும் நானும் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மா சிரிக்க மாட்டாள்.

கண்டக்டர் மனைவி குழந்தையோடு வந்தபோதும் அதே கதைதான்.

"என் மூக்கு போச்சு தாயி. பெத்த பிள்ளைக்கு வந்ததையே கண்டுபிடிக்கல. டாக்டர்ட்டக் காட்டு" என்றாள் அம்மா.

"அந்த மூக்கே ஏமாந்துடுச்சேபா" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள். கொஞ்ச நாளில் யாரும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது நின்றது. ஒவ்வொருத்தியும் திரும்பிப் போகும்போது நான் உள்ளே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன். தம்பியின் உயிரோடு விளையாடியது போதாதென்று அம்மாவின் பெருமையையும் கெடுத்தவள் நான். அந்த ஒரு பெருமைதான் அவளுக்கு இருந்தது.

எழுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணமாகி அடையாறில் குடியிருந்தேன். மகளுக்கு எட்டு மாதம். அம்மா வந்து பத்து நாள் தங்கியிருந்தாள். ஒரு நாள் காலையில் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தது. எனக்கே தெரிந்தது, புளித்த மாவு வாடை, வயிறுதான். இருந்தாலும் அம்மா மோந்து சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. குழந்தையை அவளிடம் நீட்டினேன். வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாதுட்டி. டாக்டர்ட்டக் காட்டு."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், வாடையை, டப்பாவை, இரண்டு ஏலக்காயை, ராட்டினத்தை. "உன் மூக்கு போகலைம்மா, நான்தான் ஏமாத்தினேன்" என்றேன்.

அம்மா பின்னால் கட்டியிருந்த கையை எடுத்தாள்.

"நீதானா அது? அவனாத் தின்னான்னுல்ல நினைச்சேன்" என்றாள். பிறகு, "என் மூக்க யாரும் ஏமாத்தலட்டி. முந்துன நாள் தின்ன பொங்கலுக்கு மறுநாள் காலையில வாயில ஏலக்காய் நிக்குமா? அதுக்கு அடியில அந்த வாடை நல்லாத் தெரிஞ்சிது. தெரிஞ்சுதான் 'போ'ன்னேன். ஒரு நாளுதான, வந்து கஷாயம் வச்சுக் குடுத்துக்கிடலாம்னு நினைச்சிட்டேன்."

எனக்கு அழுகை நின்று கோபம் வந்தது. பதினோரு வருஷம். நான் கொலைகாரி என்று நினைத்துக்கொண்டு பதினோரு வருஷம் அவன் தட்டில் என் பங்கையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அவளோ ஊரையெல்லாம் தன் மூக்கு செத்துவிட்டதாக நம்ப வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள். பெற்ற அம்மா என்றும் பார்க்காமல் கேட்டுவிட்டேன்.

"பிள்ளை உயிரைவிட உனக்குக் கடல் பெரிசாப் போச்சா? ஆசை தீரப் பார்த்தியா அதை?"

"நான் எங்கட்டி கடலப் பாத்தேன்?" என்றாள் அம்மா. "அங்கன உக்காந்த நேரம் பூரா அவன் வாயைல்ல மோந்துகிட்டு இருந்தேன்."